மோட்டார் பெட்டியிடம் ஐம்பதாம் நாளைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் கல்லூரி மாணவர்களின் கண்காட்சி பற்றிய செய்தியும் படமும் வந்திருந்தன. மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவி, செல்போனில் அழைத்தால் ஓடும் பம்ப் செட், தொட்டி நிறைந்ததும் மணியடிக்கும் பெட்டி என்று சில கருவிகளைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியவைதான். ஆனால் இவை விரைவில் விவசாயிகளின் தோட்டங்களில் பொருத்தப்படும் என்று செய்தி முடிந்திருந்தது. அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் வாடிப்பட்டியில் 22 ஆண்டுகளாக மோட்டார் ஸ்டார்ட்டர், பேனல் போர்டு பட்டறை நடத்துகிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். காயில் கட்டுவது, கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) மாற்றுவது, பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) பொருத்துவது என்று தொடங்கிய தொழில். கடந்த பத்து ஆண்டுகளில் பட்டறைக்கு வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராம் எழுதி வைக்கும் சிறு கணினிச் சிப், இருக்கிறது. சிலவற்றை நானே செய்கிறேன், பலவற்றைப் பழுது பார்க்கிறேன். பழுது என்று வருபவற்றில் எரிந்துபோன உதிரிபாகம் உள்ளவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கருகல் வாசனையே இடத்தைக் காட்டிவிடும். எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தவறாக நடந்துகொள்ளும் பெட்டிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் நான் கண்ட குற்றம், இன்டரப்டையும் (சிப் செய்துகொண்டிருக்கும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றைக் கவனிக்க வைக்கும் அழைப்பு) டைமரையும் (நேரத்தை எண்ணும் பகுதி) கையாண்ட முறையில்தான் இருந்தது. என் கையால் செய்த பெட்டியிலும் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோழவந்தான் அருகே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு, கிணற்று மோட்டாருக்கான தானியங்கிப் பெட்டி செய்து கொடுத்தேன். கொடிக்காலுக்குத் தண்ணீர் காட்டுவதில் ஏமாற்ற முடியாது. அகத்தி நிழலில் பாத்தி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். இரண்டு நாள் தவறினால் இலை முகம் மாறிவிடும். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடி எரிந்துவிடக் கூடாது என்பதற்காக, குழாயில் ஒரு ஃப்ளோ சென்சார் பொருத்தினேன். தண்ணீர் ஓடும்போது அது வினாடிக்குச் சுமார் 35 துடிப்பு கொடுக்கும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு இன்டரப்ட். இன்டரப்ட் வரும்போதெல்லாம் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு என்று எழுதியிருந்தேன். சென்சார் கெட்டுப்போய்த் தாறுமாறாகத் துடித்தால் தெரிய வேண்டும் என்று இன்னொரு காவலும் வைத்தேன்: புரோகிராமின் ஒரு சுற்றில் எண்ணிக்கை நூறுக்கு மேல் எகிறினால் மோட்டாரை நிறுத்திவிடு. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு மில்லி வினாடிதான். அதற்குள் ஒன்றுக்கு மேல் கூட வழியில்லை. நூறு என்பது தாராளமான வரம்பு என்று நினைத்தேன்.

பட்டறையில் ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை. பத்து நாள் கழித்துப் பெரியவர் போன் செய்தார். "தம்பி, கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, மூன்று பேஸும் இருக்கிறது, மோட்டார் மட்டும் தானே நின்றுவிடுகிறது. மறுபடி பட்டனை அழுத்தினால் ஓடுகிறது" என்றார். வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் மூன்று முறை. போய்ப் பார்த்தால் சென்சார் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இதுதான் காரணம் என்று பிரித்துக் கட்டினேன். நிற்கவில்லை. சென்சாரை மாற்றினேன். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே மின் இரைச்சலை அடக்கும் ஸ்னப்பர் போட்டேன். பவர் சப்ளையை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பெரியவர், "இந்த முறை சரியாகிவிடும் இல்லையா தம்பி?" என்று கேட்பார். ஆமாம் ஐயா என்று சொல்லிவிட்டு வருவேன். நான்காம் நாள் மறுபடி போன் வரும். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை என்பது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

கடைசியில் மோட்டாரை நிறுத்தும் முன் கடைசி இரண்டு எண்ணிக்கையையும் மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதி வைக்கும்படி புரோகிராமை மாற்றிப் பொருத்திவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் மூன்று பதிவுகள் கிடைத்தன. முதலாவது: 255, அடுத்து 511. இரண்டாவது: 12031, அடுத்து 12287. மூன்றாவது: 33023, அடுத்து 33279. பம்ப் ஷெட் வாசலில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். மூன்றிலும் வித்தியாசம் சரியாக 256. அந்த எண்ணைப் பார்த்ததும் உடம்பு சில்லிட்டது. சென்சாரும் வயரும் நிரபராதிகள். குற்றம் நான் எழுதிய ஒரே ஒரு வரியில் இருந்தது.

நடந்தது இதுதான். நான் பயன்படுத்திய சிப் ஏடிமெகா 328. அது எட்டு பிட் சிப். ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் (எட்டு பிட், 0 முதல் 255 வரையான எண்) அதனால் எடுக்க முடியும். என் எண்ணிக்கை 16 பிட், அதாவது இரண்டு பைட். ஆகவே அதைப் படிக்கும்போது கீழ்ப் பாதியை ஒரு கட்டளையிலும் மேல் பாதியை அடுத்த கட்டளையிலும் எடுக்கிறது. வீட்டுச் சுவரில் உள்ள பழைய உருளை மீட்டரைக் கணக்கெடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 299 இருக்கும்போது, வலது பக்கத்து 99ஐ எழுதிக்கொண்டீர்கள். தலையை நிமிர்த்துவதற்குள் மீட்டர் உருண்டு 300 ஆகிவிட்டது. இப்போது இடது பக்கத்து 3ஐப் பார்த்து எழுதுகிறீர்கள். தாளில் 399 என்று இருக்கிறது. மீட்டரில் எந்தக் காலத்திலும் இல்லாத எண். அதேபோலத்தான் 255இலிருந்து 256க்கு மாறும் நொடியில், இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே துடிப்பு வந்து விழுந்தால், படித்தது 511 ஆகிவிடும். ஒரே தாவலில் 256 கூடிவிட்டது, சென்சார் கெட்டுவிட்டது என்று என் காவலே மோட்டாரை நிறுத்திவிட்டது.

அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் சிப்பில் அது ஒரு வினாடியின் எண்பது லட்சத்தில் ஒரு பங்கு. அந்தச் சந்தில், அதுவும் 256 துடிப்புக்கு ஒருமுறை வரும் அந்தக் குறிப்பிட்ட துடிப்பு மட்டும் விழ வேண்டும். நடக்கவே நடக்காது என்று தோன்றும். ஆனால் என் புரோகிராம் வினாடிக்கு ஆயிரம் முறை எண்ணிக்கையைப் படித்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 16 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இது நடக்கும். கொடிக்காலில் மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறது. ஆக இரண்டே முக்கால் நாளுக்கு ஒருமுறை. பெரியவர் சொன்ன வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை என்பது துல்லியமான கணக்கு. பட்டறையில் நான் ஓட்டிப் பார்த்த எட்டு மணி நேரத்தில் அது தப்பியதில் ஆச்சரியம் இல்லை.

இதைச் சரிசெய்ய மூன்று வரி போதும். இன்டரப்டை ஒரு கணம் நிறுத்து, இரண்டு பைட்டையும் நகல் எடுத்துக்கொள், இன்டரப்ட் முன்பு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திருப்பி வை. மொத்தம் ஒரு மைக்ரோ வினாடிகூட ஆகாது. அந்த நேரத்தில் ஒரு துடிப்பு வந்தாலும் தொலைந்துபோகாது. சிப் அதைக் கொடி போட்டு நினைவில் வைத்துக்கொண்டு, தடை நீங்கியதும் கவனிக்கும். ஒன்றைத்தான் நினைவில் வைக்கும், இரண்டு வந்தால் ஒன்று போய்விடும். அதனால்தான் தடை நேரம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். திருத்திய போர்டைப் பட்டறையில் வைத்து, வினாடிக்கு 35 துடிப்புக்குப் பதிலாக 2000 துடிப்பு கொடுத்து இரவு முழுவதும் ஓட்டினேன். அசையவில்லை. பழைய புரோகிராமை அதே 2000 துடிப்பில் வைத்தபோது அரை மணி நேரத்துக்குள் விழுந்துவிட்டது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் பெரியவர் இரண்டு மாதம் பட்டனை அழுத்த வேண்டியிருந்திருக்காது.

எனக்கு இன்னும் வருத்தம் தருவது, இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்பதுதான். பாலிடெக்னிக்கில் 8051 சிப்பில் பாடம் படித்தோம். இன்டெல் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த சிப் அது. அதன் டைமரும் இரண்டு பைட்தான். ஓடிக்கொண்டிருக்கும் டைமரைப் படிக்கும்போது மேல் பாதியை முதலில் படி, பிறகு கீழ்ப் பாதியைப் படி, மறுபடியும் மேல் பாதியைப் பார், மாறியிருந்தால் திரும்பப் படி என்று எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அன்று சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதியதால் ஒவ்வொரு பைட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ஒரே வரியில் எண்ணிக்கையைப் படிக்கிறோம். அந்த ஒரு வரி உள்ளே இரண்டு அடி எடுத்து வைக்கிறது என்பது மறைந்துவிட்டது. 32 பிட் எண் என்றால் நான்கு அடி.

இன்டரப்ட் என்றால் என்ன என்பதை மோட்டார் காயில் சுற்றுபவர்களிடம் சொன்னால் உடனே புரியும். 63ஆவது சுற்றில் இருக்கும்போது வாசலில் ஆள் கூப்பிடுகிறார். எண்ணிக்கையைச் சாக்கட்டியில் குறித்துவிட்டு எழுந்து போக வேண்டும். வந்தவர் கொடுத்ததை வாங்கி மேசையில் வைத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும். வாசலிலேயே நின்று அவருடைய மோட்டாரைப் பிரித்து வேலையைத் தொடங்கிவிட்டால், இங்கே காயில் பாதியில் கிடக்கும், அடுத்து வருபவர் கூப்பிடுவதும் காதில் விழாது. என்னிடம் வரும் மாணவர்களின் புரோகிராம்களில் பெரும்பாலும் இந்த வாசல் வேலைதான் நடக்கிறது. இன்டரப்டுக்குள்ளேயே எல்சிடி திரையில் எழுதுகிறார்கள், சீரியலில் செய்தி அனுப்புகிறார்கள், டிலே போட்டுக் காத்திருக்கிறார்கள். ஆர்டுயினோவில் (ஏடிமெகா போன்ற சிப் பொருத்திய, மாணவர்கள் பயன்படுத்தும் சிறு போர்டு) டிலே என்பது நேரத்தை எண்ணும் இன்னொரு இன்டரப்டை நம்பி இருக்கிறது. இன்டரப்டுக்குள் இருக்கும்போது அந்த எண்ணியே நின்றுவிடுவதால், டிலே முடியவே முடியாது. பெட்டி அப்படியே உறைந்துவிடும். இது உடனே தெரிந்துவிடும் பிழை என்பதால் அதிகக் கெடுதல் இல்லை. சில நாள் வேலை செய்துவிட்டு உறைபவைதான் ஆபத்து.

இப்போது ஐம்பதாம் நாள் விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கெட்டிக்காரன். அலங்காநல்லூர்ப் பக்கம் அவன் தாத்தாவின் தென்னந்தோப்பில் ஒன்றரை ஹெச்.பி. ஒருமுனை மோட்டார் இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஓடி நிற்கும்படி ஒரு டைமர் பெட்டி செய்து, பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 20ஆம் தேதி காலை ஆறு மணிக்கு ஓட விட்டான். மின்சாரம் போனாலும் நேரம் தவறக் கூடாது என்று பெட்டிக்குத் தனியாக பேட்டரியும் வைத்தான். ஒரு மாதத்துக்கு மேல் கடிகாரம் போல வேலை செய்தது. ஊரில் எல்லோரிடமும் தாத்தா சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

மார்ச் 11ஆம் தேதி காலையில் பார்த்தால் தோப்பு குளமாகக் கிடக்கிறது, கிணற்றில் படி தெரிகிறது. முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய மோட்டார் இரவு பதினொரு மணி வரை ஓடியிருக்கிறது. ஆனால் காலையில் பெட்டி ஒழுங்காக இருக்கிறது. அடுத்த முறை இருபது நிமிடம் ஓடிச் சரியாக நின்றது. பெட்டி சரியாக இருக்கிறது என்றால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்கள்? தோப்பில் வேலை செய்பவர் மீது பழி விழுந்தது. பக்கத்துத் தோட்டத்துக்கு ராத்திரியில் தண்ணீர் விட்டிருப்பார் என்று பேச்சு. பதினைந்து ஆண்டு அந்தத் தோப்பில் உழைத்தவர். இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை.

அக்கா மகன் போன் செய்து, "மாமா, போர்டில் எந்தத் தப்பும் இல்லை, நீங்களே வந்து பாருங்கள்" என்றான். நான் தேதியைத்தான் கேட்டேன். ஜனவரி 20 காலை ஆறிலிருந்து மார்ச் 10 இரவு பதினொன்று வரை எண்ணிப் பார் என்றேன். எண்ணினான். 49 நாள் 17 மணி நேரம்.

ஆர்டுயினோ போர்டு தான் உயிர் பெற்ற நொடியிலிருந்து மில்லி வினாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணுகிறது. அதில் அடங்கக்கூடிய எண்ணிக்கை 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 வினாடி. அதன் பிறகு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். அவன் எழுதியிருந்தது, இப்போதைய நேரத்தோடு ஆறு மணி நேரத்தைக் கூட்டி அடுத்த நேரம் என்று வைத்துக்கொள், இப்போதைய நேரம் அதைத் தாண்டினால் மோட்டாரைப் போடு என்று. மார்ச் 10 மாலை ஆறு மணிக்கு அப்படிக் கூட்டியபோது விடை எல்லையைத் தாண்டி வழிந்து, மிகச் சிறிய எண்ணாக நின்றது. இப்போதைய நேரமோ நானூறு கோடிக்கு மேல். தாண்டிவிட்டது, மோட்டாரைப் போடு. இருபது நிமிடம் ஓடி நின்றது. மறுபடி கூட்டல், மறுபடி வழிந்தது, மறுபடி போடு. இரவு பதினொன்று அடித்து இரண்டு நிமிடத்தில் நேர எண்ணியும் சுழியத்துக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஒழுங்காகிவிட்டது. தடயமே இல்லை.

கூட்டிப் பார்ப்பதற்குப் பதிலாகக் கழித்துப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழி, ஆறு மணி நேரம் ஆகிவிட்டதா என்று பார். குறியில்லாத (மைனஸ் இல்லாத) எண்ணில் இந்தக் கழித்தல், எண்ணி வழிந்தாலும் சரியான விடையையே தரும். ஒரு வரி வித்தியாசம். அன்று மாலையே அவனை அழைத்துக்கொண்டு அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, தப்பு என் மேல்தான், என் பெட்டி செய்த வேலை" என்று அவனே சொன்னான். தாத்தாவும் மறுநாள் போய்ச் சொன்னார். அவர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் அந்த இரண்டு நாளை யார் திருப்பித் தருவது?

இந்த எண் புதிதும் இல்லை. விண்டோஸ் 95 கணினிகள் 49.7 நாள் நிறுத்தாமல் ஓடினால் உறைந்துபோகும் என்பது இதே 32 பிட் எண்ணியால்தான். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் மின்சாரம் நின்றுபோகலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. வினாடியின் நூறில் ஒரு பங்கைக் குறியுள்ள 32 பிட் எண்ணில் எண்ணினால் சுமார் 248 நாளில்தான் வழியும். இடையில் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துப் போடுவதே அப்போதைக்குச் சொல்லப்பட்ட வழி.

நம் ஊரில் இன்னொரு காரணத்தையும் நான் பார்க்கிறேன். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஒவ்வொரு மின்வெட்டிலும் பெட்டி செத்துப் பிழைக்கும், எண்ணி சுழியத்திலிருந்து தொடங்கும். 49 நாள் ஒரு பெட்டியும் விழித்திருந்ததில்லை. பிழை இருந்தும் வெளியே வர வாய்ப்பில்லை. இப்போது மின்சாரம் நிலையாக வருகிறது, பேட்டரி வைக்கிறார்கள், சோலார் வைக்கிறார்கள். மறைந்து கிடந்தவை எல்லாம் இனிமேல்தான் எழுந்து வரும். அதனால்தான் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறேன்.

வாட்ச்டாக் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். புரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டால் சிப்பைத் தானே மறுபடி தொடங்க வைக்கும் காவல் டைமர் அது. குறித்த நேரத்துக்குள் புரோகிராம் நான் விழித்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சிப்பை எழுப்பிவிடும். ஏடிமெகா 328இல் அதிகபட்சம் எட்டு வினாடி பொறுக்கும். ஒரு பெட்டியில் விழித்திருக்கிறேன் என்ற செய்தியை டைமர் இன்டரப்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முதன்மைப் புரோகிராம் செல்போன் மோடத்தின் பதிலுக்காகக் காத்து நின்றுவிட்டது. இன்டரப்ட் மட்டும் தவறாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. தூங்கிவிட்ட இரவுக் காவலருக்குப் பதிலாக அவர் மகன் திண்ணையிலிருந்து விசில் ஊதிய கதை. மோட்டார் விடியும் வரை ஓடியது. முதன்மைச் சுற்று தன் எல்லா வேலையையும் ஒருமுறை முடித்த பிறகுதான் அந்தச் செய்தி போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதற்காக நான் யாரிடமும் வாதாடத் தயாராக இருக்கிறேன். மேலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்காக ஓர் இளைஞர் 15 ஹெச்.பி. மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா பேனல் (மோட்டாரை முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி, பிறகு முழு மின்னழுத்தத்துக்கு மாற்றுவது) செய்து, பார்த்துச் சொல்லுங்கள் என்று கொண்டுவந்தார். எட்டு வினாடி ஸ்டாரில் ஓடி டெல்டாவுக்கு மாற வேண்டும். டைமர் இன்டரப்டில் இரண்டே வரி: ஸ்டாரை நிறுத்து, டெல்டாவைப் போடு. இரண்டு வரிக்கும் நடுவே ஒரு மைக்ரோ வினாடி இருந்தால் அதிகம். ஆனால் கான்டாக்டர் இரும்பால் ஆனது. காயிலில் மின்சாரம் நின்ற பிறகு அது திறந்து, முனைகளுக்கு இடையே உள்ள தீப்பொறி அணையச் சில பத்து மில்லி வினாடிகள் ஆகும். அதற்குள் டெல்டா மூடினால் மூன்று பேஸும் நேருக்கு நேர் ஷார்ட். பேனலைத் திறந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே நடக்கிற விஷயம் இது.

அதைவிட என்னை அதிர வைத்தது, இன்டர்லாக் வயரே இல்லை என்பது. ஸ்டார் கான்டாக்டரின் துணை முனை வழியாகத்தான் டெல்டா காயிலுக்கு மின்சாரம் போக வேண்டும், டெல்டாவின் துணை முனை வழியாக ஸ்டாருக்குப் போக வேண்டும். ஒன்று மூடியிருக்கும் வரை மற்றது மூட முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பழைய வயர்மேன்கூட இதை விட மாட்டார். கேட்டதற்கு அந்த இளைஞர், "புரோகிராமே பார்த்துக்கொள்ளும் அண்ணே, வயர் மிச்சம்" என்றார். நான்கு வயரையும் என் கையால் போட்ட பிறகுதான் அந்தப் பேனலுக்கு மெயின் கொடுத்தேன்.

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் கதை எல்லா மாணவருக்கும் தெரிய வேண்டும். அதற்கு முந்தைய கருவியில் தவறான நிலையில் கதிர் பாய்வதைத் தடுக்கத் தனியான இன்டர்லாக்குகள் இருந்தன. புதியதில் அவற்றை நீக்கி, மென்பொருளை மட்டும் நம்பினார்கள். 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரிழந்தார்கள். அதில் கண்டறியப்பட்ட பிழைகளில் ஒன்று, ஒரே ஒரு பைட் எண்ணி. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடும், 256ஆவது முறை சுழியம் ஆகும். சுழியம் என்றால் பரிசோதிக்கத் தேவையில்லை என்று பொருள் வைத்திருந்தார்கள். சரியாக அந்த நொடியில் பொத்தானை அழுத்தியபோது பாதுகாப்புப் பரிசோதனை நடக்கவில்லை. கொடிக்கால் பதிவில் கண்ட அதே 256. எனக்கு நின்றது மோட்டார் மட்டும்தான்.

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. மேசை மேல் ஐந்து நிமிடம் ஓடுவதைப் பார்த்துப் பரிசு கொடுங்கள், அதில் குறையில்லை. ஆனால் தோட்டத்துக்குப் போகப்போகிறது என்றால், நேர எண்ணியை வழிவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கொண்டுபோய் வைத்து உங்கள் கண் முன்னே வழிய விடச் சொல்லுங்கள். ஐம்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை. துடிப்பை ஐம்பது மடங்கு வேகமாகக் கொடுத்து ஓர் இரவு ஓட விடுங்கள். இன்டரப்டும் முதன்மைப் புரோகிராமும் பகிர்ந்துகொள்ளும் எண்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை பைட், எங்கே காத்திருக்கிறாய் என்று மாணவரைக் கேளுங்கள். சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டால் மோட்டார் எந்த நிலையில் நிற்கும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். தோட்டத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. எந்தப் பெட்டி வாங்கினாலும் ஓவர்லோடு ரிலேயையும் பிரிவென்டரையும் கழற்ற விடாதீர்கள். பெட்டியைத் தாண்டி மோட்டாரைக் கையால் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். தானே நின்றால், தானே ஓடினால், தேதியையும் நேரத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். பழுது பார்க்க வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கொடிக்காலில் இருந்து கழற்றி வந்த அந்த முதல் போர்டை, பிழையுள்ள புரோகிராமோடு அப்படியே வைத்திருக்கிறேன். துடிப்பு கொடுக்கும் சிறு கருவியும் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் 256 தாவுவதைக் கண்ணால் பார்க்கலாம். எந்தக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ கேட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம். மாணவர்களை ஒரு பீரியட் உட்கார வைத்தால் போதும்.

இப்படிக்கு,
மோட்டார் பேனல் பட்டறை நடத்தும் வாசகர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.